வாடகைக் கருவிகளின் முன்பதிவுத் தளம்: பழுதுபார்ப்பதா, புதிதாகக் கட்டுவதா?

கருவிக்கூடம் (திங்கள், காலை 9.40)

வணக்கம். கட்டுமானக் கருவிகளை வாடகைக்கு விடும் தொழில் எங்களுடையது. ஜெனரேட்டர், கலவை இயந்திரம், இரும்புச் சாரம், நீரிறைக்கும் மோட்டார் என்று 240 உருப்படிகள் கையில் இருக்கின்றன. ஏழு ஆண்டுகளுக்கு முன், தனியாகத் தொழில் செய்துவந்த ஒரு நிரலரிடம் சொல்லி இணையதளம் கட்டினோம். வேர்ட்பிரஸ் என்ற, தளம் கட்டும் மென்பொருளில் செய்து, முன்பதிவுக்கென்று ஒரு பிளக்இன்னை (கூடுதல் வசதி தரும் சிறு நிரலை) பொருத்திக் கொடுத்தார். நான்கு ஆண்டுகள் குறை சொல்ல முடியாதபடி ஓடியது. பிறகு அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். இப்போது செய்தி அனுப்பினால் பதில் வர இரண்டு வாரம் ஆகிறது.

கடந்த சனிக்கிழமை காலை ஒரே ஜெனரேட்டருக்கு இரண்டு வண்டிகள் வந்து வாசலில் நின்றன. இரண்டு ஓட்டுநர்கள் கையிலும் எங்கள் தளம் அனுப்பிய உறுதிச் செய்தி. இரண்டிலும் ஒரே உருப்படி எண், ஒரே தேதி. பத்தாண்டுகளாக எங்களிடமே வரும் ஒருவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்பினேன். அவர் கோபப்படவில்லை. "இனிமேல் போன் செய்து கேட்டுவிட்டு வருகிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும்.

எங்கள் அலுவலகத்தில் பதிவைக் கவனிக்கும் அக்கா தளத்தை நம்புவதே இல்லை. பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். தளத்தில் வருவதையும் அதில் ஏற்றிக்கொண்டால்தான் அவருக்கு நிம்மதி. அந்தச் சனிக்கிழமை அவர் விடுப்பில் இருந்தார்.

இரண்டு நிறுவனங்களிடம் விசாரித்தேன். ஒன்று பழுதுபார்த்துத் தருகிறேன் என்கிறது. இன்னொன்று எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு ஆறு மாதத்தில் புதிதாக எழுதித் தருகிறேன் என்கிறது. எதை நம்புவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

நடுநிசி (திங்கள், காலை 10.05)

அதற்கு முன் ஒரு கேள்வி. உங்கள் டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரிப் பெயர், யாருடைய பெயரில் பதிவாகியிருக்கிறது? எப்போது காலாவதியாகிறது? இதைப் பார்த்துச் சொல்லாமல் வேறு எதையும் பேசாதீர்கள்.

கருவிக்கூடம் (திங்கள், பகல் 12.30)

பார்த்தேன். ஆண்டுதோறும் பணம் நாங்கள்தான் கொடுத்திருக்கிறோம். ஆனால் பதிவு அந்த நிரலரின் பெயரில், அவருடைய சொந்த மின்னஞ்சல் முகவரியில் இருக்கிறது. தளம் இருக்கும் சர்வரை வாடகைக்குத் தரும் ஹோஸ்டிங் கணக்கும் அவருடையதுதான். டொமைன் இன்னும் 41 நாட்களில் முடிகிறது. இது இவ்வளவு பெரிய விஷயமா?

நடுநிசி (திங்கள், பகல் 1.15)

ஆம், உங்கள் ஜெனரேட்டர் சிக்கலைவிடப் பெரியது.

டொமைன் எவர் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான் பதிவு நிறுவனம் உரிமையாளராகப் பார்க்கும். பணம் யார் பையிலிருந்து போனது என்பது அவர்களுக்குத் தெரியாது. அவர் நல்லவராகவே இருக்கட்டும். அவர் பணம் கட்டும் வங்கி அட்டை காலாவதியானாலோ, அந்தப் பழைய மின்னஞ்சலை அவர் பார்க்காமல் விட்டாலோ உங்கள் பெயர்ப்பலகை கழன்று விழுந்துவிடும். தளத்தோடு போவதில்லை, அதே டொமைனில் ஓடும் உங்கள் மின்னஞ்சல்களும் நின்றுவிடும்.

டாட் காம் என்றால் காலக்கெடு இப்படி ஓடும். முடிந்த நாளுக்குப் பிறகு அதிகபட்சம் 45 நாள் வரை பதிவு நிறுவனம் புதுப்பிக்க அவகாசம் தரலாம், தராமலும் இருக்கலாம். அது தாண்டினால் 30 நாள் மீட்புக் காலம், அதில் கட்டணம் பல மடங்கு. அதுவும் போனால் 5 நாள் கழித்துப் பெயர் பொதுவில் வந்துவிடும். காத்திருந்து பிடித்துக்கொள்ளும் தானியங்கி நிரல்கள் உண்டு.

எனவே இன்றைக்கே அந்த நிரலருக்குப் பணிவாக எழுதுங்கள். குற்றம் சுமத்தும் தொனி வேண்டாம். முதலில் ஓராண்டுக்குப் புதுப்பிக்கச் சொல்லிப் பணத்தை அனுப்பிவிடுங்கள். அடுத்து, அதே பதிவு நிறுவனத்தில் உங்கள் நிறுவனத்தின் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கி, டொமைனை அதற்கு மாற்றித் தரக் கேளுங்கள். வேறு நிறுவனத்துக்கு எடுத்துப்போவதைவிட இது எளிது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். புதிய கணக்கின் மீட்பு மின்னஞ்சலாக அதே டொமைனில் உள்ள முகவரியைக் கொடுக்காதீர்கள். டொமைன் நின்றால் அந்த அஞ்சலும் நிற்கும். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதையாகிவிடும். நிறுவனத்தில் இரண்டு பேருக்காவது கணக்கில் நுழையும் வழி தெரிந்திருக்க வேண்டும்.

புதுமனை (திங்கள், மாலை 4.20)

நான் புதிதாக எழுதும் பக்கம். காரணம் சொல்கிறேன். அந்த பிளக்இன் கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று பாருங்கள். மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தால் அதை எழுதியவர்களே கைவிட்டுவிட்டார்கள் என்று பொருள். சர்வரில் வேர்ட்பிரஸை ஓட்டும் நிரல்மொழியான பிஎச்பி எந்தப் பதிப்பு? 7.4 என்றால் அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுவிட்டன. பிஎச்பியை மேலே ஏற்றினால் பிளக்இன் உடையும். ஏற்றாவிட்டால் ஓட்டை திறந்தே இருக்கும். இந்த முடிச்சில் மாட்டிய தளங்கள் பலவற்றை நான் அவிழ்க்கப் பார்த்திருக்கிறேன். பழுதுபார்க்கச் செலவழித்த நாட்களில் பாதியில் புதிதாகவே எழுதியிருக்கலாம் என்று ஒவ்வொரு முறையும் தோன்றியிருக்கிறது.

வேர்ட்பிரஸை நான் குறை சொல்லவில்லை. உலகின் இணையதளங்களில் 40 சதவீதத்துக்கும் மேல் அதில்தான் ஓடுகின்றன. கட்டுரை, படம், அறிமுகப் பக்கம் ஆகியவற்றுக்கு அது பொருத்தமானது. 240 உருப்படிகளின் நாட்காட்டியைக் காக்கும் வேலை வேறு.

ஆலும்பனையும் (திங்கள், இரவு 9.10)

புதுமனை சொல்லும் நோயை ஒப்புக்கொள்கிறேன். மருந்தை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

எல்லாவற்றையும் கீழே போட்டுவிட்டுத் தொடங்கியவர்களின் கதை நம் துறையில் பழையது. நெட்ஸ்கேப் உலாவியின் 4.0 பதிப்பு 1997இல் வந்தது. 5.0 வெளிவரவே இல்லை. அடித்தளத்திலிருந்து திருப்பி எழுதி, 6.0 என்று கொண்டுவந்தபோது 2000 நவம்பர். அந்த இடைவெளியில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் சந்தையைப் பிடித்துக்கொண்டது. ஆறு மாதம் என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. பழைய நிரலுக்குள் புதைந்திருக்கும் விதிவிலக்குகள் எத்தனை என்று அவர்களுக்கு இன்னும் தெரியாது.

பனைமரத்தின் மட்டையிடுக்கில் பறவை போட்ட ஆலம்விதை முளைப்பதைப் பார்த்திருப்பீர்கள். பனை நின்றுகொண்டே இருக்கும். ஆல் அதைச் சுற்றி வேர் இறக்கிக்கொண்டே வரும். ஒருநாள் பனை தேவைப்படாது. மென்பொருள் வடிவமைப்பைப் பற்றி எழுதும் மார்ட்டின் ஃபௌலர் 2004இல் மென்பொருளை இப்படி மாற்றும் முறைக்கு, இதே போல் மரத்தைச் சுற்றி வளரும் அத்தியின் பெயரைத்தான் வைத்தார். உங்கள் அறிமுகப் பக்கங்களும் கருவிப் பட்டியலும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். வலிக்கும் இடமான முன்பதிவை மட்டும் தனியே பிரித்து எழுதுங்கள்.

ஆனால் எழுதும் முன் எனக்கு வேண்டியது ஒன்று. அக்காவின் நோட்டு. அதில் ஒரு பக்கத்தை எடுத்து, வாடிக்கையாளர் பெயர்களை விட்டுவிட்டு, என்னென்ன இருக்கிறது என்று அப்படியே எழுதுங்கள். அழகுபடுத்த வேண்டாம். அந்த இரண்டு நிறுவனங்களில் யாராவது அந்த நோட்டைக் கேட்டார்களா?

கருவிக்கூடம் (செவ்வாய், மாலை 6.30)

யாரும் கேட்கவில்லை. நானே இன்றுதான் அதை ஒழுங்காகப் பார்த்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். ஏழு ஆண்டுகளாக ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறேன்.

நீள நோட்டு. ஒரு நாளுக்கு ஒரு பக்கம். இடப்பக்க ஓரத்தில் உருப்படி எண், நடுவில் பெயர், வலப்பக்கம் திரும்பும் தேதி. நேற்றைய பக்கத்தில் 31 வரிகள்.

அவற்றில் 12 பென்சிலில் இருக்கின்றன. மற்றவை பேனாவில். ஏன் என்று கேட்டேன். போனில் கேட்டவர்களைப் பென்சிலில் எழுதுவாராம். முன்பணம் வந்ததும் அதன்மேலேயே பேனாவால் எழுதிவிடுவாராம். பணம் வராவிட்டால் அழித்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுப்பார். பல வரிகளில் அழித்த தடம் தெரிகிறது. ஒரு வரியில் மூன்று முறை அழித்து, தாளே மெலிந்துபோயிருந்தது.

நான்கு எண்களுக்குப் பக்கத்தில் சிறு முக்கோணம். "கருவி வந்துவிட்டது, ஆனால் இன்னும் கழுவிச் சோதிக்கவில்லை, காலையில் கொடுக்கக் கூடாது" என்று பொருளாம். தளத்தில் அது "இருப்பில் உள்ளது" என்று காட்டும்.

இரண்டு பெயர்களைச் சுற்றி வட்டம். அவர்களிடம் முழுத் தொகையும் முன்கூட்டியே வாங்க வேண்டும்.

ஓரிடத்தில் அம்புக்குறி போட்டு, கீழே உள்ள வேறொரு எண்ணோடு சேர்த்திருந்தார். கேட்ட ஜெனரேட்டர் இல்லாவிட்டால் அதைவிடப் பெரியதை அதே வாடகைக்குக் கொடுக்கலாம் என்று அந்த வாடிக்கையாளரிடம் முன்பே பேசிவைத்திருக்கிறார். எனக்கு இது தெரியவே தெரியாது.

ஆலும்பனையும் (செவ்வாய், இரவு 10.00)

நன்றி. இந்த ஒரு பதிவு உங்களுக்குப் பல வாரங்களை மிச்சப்படுத்தப் போகிறது.

பாருங்கள், உங்கள் தளத்துக்கு இரண்டே நிலைகள் தெரியும்: பதிவானது, பதிவாகாதது. அக்காவின் நோட்டில் குறைந்தது நான்கு இருக்கின்றன. பென்சில், பேனா, முக்கோணம், அழித்தது. பென்சில் என்பது "இப்போதைக்கு உங்களுக்காக வைத்திருக்கிறேன்" என்ற வாக்கு. அதற்குக் கெடு உண்டு, எழுதப்படாத கெடு. அந்தக் கெடு எவ்வளவு என்று அவரைக் கேளுங்கள். "கொஞ்ச நேரம் பார்ப்பேன்" என்பார். விடாதீர்கள். நேற்று அழித்த வரிகளில் ஒவ்வொன்றையும் எத்தனை மணிக்கு எழுதினார், எத்தனை மணிக்கு அழித்தார் என்று கேளுங்கள். விதி அங்கேதான் வெளியே வரும்.

முக்கோணம் இன்னும் முக்கியம். வாடகை முடியும் நேரமும் கருவி மறுபடி கிடைக்கும் நேரமும் ஒன்றல்ல என்று அது சொல்கிறது. நாட்காட்டி வரையும் எந்த பிளக்இன்னும் உங்கள் கழுவுமிடத்தைப் பார்த்ததில்லை.

அம்புக்குறியை நிரலாக்க வேண்டாம் என்பது என் எண்ணம். அது அக்காவின் பேச்சுத்திறமை. அதற்கு ஒரு குறிப்புப் பெட்டி கொடுத்தால் போதும். எல்லா நுணுக்கத்தையும் மென்பொருளுக்குள் திணிக்கப் பார்த்து, கடைசியில் யாரும் தொட அஞ்சும் திரையைக் கட்டியவன் நான். 23 தேர்வுப் பெட்டிகள் இருந்த ஒரு படிவத்தை ஒரு கிடங்குக்கு எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்தவர்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு "பிற" என்பதை மட்டும் அழுத்திக்கொண்டிருந்தார்கள்.

எந்த நிறுவனத்தைத் தேர்ந்தாலும், நிரல் எழுதப்போகிறவர் இரண்டு நாள் அக்காவின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். மேலாளர் வந்து உட்காருவது கணக்கில் சேராது.

பூட்டுவரிசை (புதன், காலை 7.50)

தரவுத்தளம் என் தொழில். ஒரே ஜெனரேட்டருக்கு இரண்டு வண்டிகள் வந்த விதத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் புதிதாக எழுதினாலும் இதே பிழையை மறுபடி எழுதுவது மிக எளிது.

பெரும்பாலான நிரல்கள் இப்படிச் செய்கின்றன. முதலில் "அந்தத் தேதியில் வேறு பதிவு இருக்கிறதா?" என்று தரவுத்தளத்தைக் கேட்கும். இல்லை என்று பதில் வந்தால் புதிய பதிவை எழுதும். கேட்பதற்கும் எழுதுவதற்கும் நடுவில் ஒரு சிறு இடைவெளி. அந்த இடைவெளியில் இன்னொருவரும் கேட்டால் அவருக்கும் "இல்லை" என்றுதான் பதில். இருவரும் எழுதுவார்கள். சோதனையின்போது ஒருவரே அழுத்திப் பார்ப்பதால் இது ஒருபோதும் தெரியாது. வெள்ளிக்கிழமை மாலை எல்லோரும் ஒரே நேரத்தில் வரும்போது தெரியும்.

எனவே மறுக்கும் பொறுப்பைத் தரவுத்தளத்திடமே கொடுங்கள். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் 2012இல் வந்த 9.2 பதிப்பிலிருந்து கால இடைவெளியையே (தொடங்கும் நேரம் முதல் முடியும் நேரம் வரை) ஒரு தரவு வகையாக வைக்கலாம். ஒரே உருப்படி எண்ணில் இரண்டு இடைவெளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழக் கூடாது என்று அட்டவணையிலேயே தடை எழுதலாம். பிறகு நிரலில் எந்தப் பிழை இருந்தாலும் இரண்டாவது பதிவு உள்ளே வராது. மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளில் இந்த வசதி கிடையாது. அங்கே அந்தக் கருவியின் வரியை முதலில் பூட்டிவிட்டு, ஒரே பரிவர்த்தனைக்குள் (முழுதாக நடக்கும், அல்லது எதுவுமே நடக்காத ஒரு தொகுப்புக்குள்) சோதித்து எழுத வேண்டும்.

மூன்று இடங்களில் கவனம் வேண்டும். இடைவெளியின் தொடக்கம் உள்ளே, முடிவு வெளியே என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் பத்து மணிக்கு முடியும் பதிவும் பத்து மணிக்குத் தொடங்கும் பதிவும் மோதாது. அக்காவின் முக்கோணத்துக்கு, அதாவது கழுவிச் சோதிக்க, ஆகும் நேரத்தை அந்த முடிவு நேரத்தோடு சேர்த்து நீட்டிவிடுங்கள். வாடிக்கையாளருக்குக் காட்டும் நேரம் வேறு, தரவுத்தளம் காக்கும் நேரம் வேறு. மூன்றாவது, பென்சில். தடைக்குள் "இப்போதைய நேரம்" என்று எழுத முடியாது, தரவுத்தளம் ஒப்பாது. எனவே கெடு முடிந்த பென்சில் பதிவுகளின் நிலையை மாற்றும் வேலையைப் புதிய பதிவை எழுதும் அதே பரிவர்த்தனையின் முதல் வரியாக வையுங்கள். தனியாக ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் நிரலை மட்டும் நம்பினால், அந்த ஐந்து நிமிடத்தில் ஒரு கருவி யாருக்கும் கிடைக்காமல் கிடக்கும்.

முன்பணம் இணையத்தில் வருமானால், பணம் வந்தது என்று கட்டண நிறுவனத்தின் சர்வர் அனுப்பும் அறிவிப்பைத்தான் நம்ப வேண்டும். வாடிக்கையாளரின் உலாவி "நன்றி" பக்கத்துக்குத் திரும்புவது சான்றாகாது. அந்த அறிவிப்பு இரண்டு முறையும் வரலாம். இரண்டாவது முறை வந்தால் ஒன்றும் நடக்காதபடி எழுதுங்கள்.

புதுமனை (புதன், காலை 9.15)

நோட்டைப் படித்தபின் என் கருத்தைப் பாதி மாற்றிக்கொள்கிறேன். முன்பதிவை மட்டும் பிரித்து எழுதுவது சரி.

ஆனால் வட்டம் போட்ட பெயர்கள் எனக்கு உறுத்துகின்றன. நோட்டில் இருக்கும்வரை அது அக்காவின் நினைவு. செயலிக்குள் "நம்பத்தகாதவர்" என்று ஒரு கட்டம் வந்துவிட்டால் அது நிறுவனத்தின் தீர்ப்பு. எவரோ ஒருவர் தவறுதலாக அழுத்தினாலும் அந்த மனிதர் மேல் ஒட்டிக்கொள்ளும். பல நாடுகளில் தம்மைப் பற்றி நிறுவனம் வைத்திருக்கும் தரவைக் கேட்டுப் பார்க்கும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு. அவர் கேட்டால் அந்தச் சொல்லைக் காட்ட முடியுமா?

கருவிக்கூடம் (புதன், பகல் 2.00)

அக்காவிடம் இதைப் படித்துக் காட்டினேன். "அவர்கள் கெட்டவர்கள் என்று நான் எங்கே சொன்னேன்? இரண்டு முறை கருவியைத் தாமதமாகக் கொடுத்தார்கள். நாலு முறை ஒழுங்காகக் கொடுத்தால் வட்டத்தை எடுத்துவிடுவேன்" என்றார். பழைய பக்கங்களைப் புரட்டிக் காட்டினார். உண்மையாகவே சில பெயர்களின் வட்டம் பின்னால் காணாமல் போயிருக்கிறது.

எனவே பெயர் மேல் எதுவும் ஒட்டாமல், தாமதமான நாட்களை மட்டும் தேதியோடு பதிவு செய்யலாம் என்று முடிவெடுத்திருக்கிறோம். முழு முன்பணம் வேண்டுமா என்று கடைசி நான்கு வாடகைகளைப் பார்த்துச் செயலி கேட்கும். முடிவு அக்கா கையில்.

எழுத்தெண்ணி (புதன், மாலை 5.45)

ஒரு சிறு விஷயம், ஆனால் தமிழில் தரவு வைப்பவர்கள் எல்லோரும் இதில் இடறுகிறார்கள்.

"மோட்டார்" என்று தேடினால் பாதி மோட்டார்கள் வராமல் போகலாம். கண்ணுக்குத் தெரியும் "மோ" கணினியில் எழுத்துகளுக்குக் குறியீடு தரும் யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கப்படக்கூடியது. ம உடன் ோ என்ற ஒரே குறியீடாகவும் இருக்கலாம். ம, ே, ா என்று துண்டு துண்டாகவும் இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கு வேறு வேறு சொல். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றி ஒட்டிய பட்டியல்களில் இரண்டாவது வகையை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன். சேமிக்கும்போதும் தேடும்போதும் எழுத்துகளை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் சமன்படுத்தல் பரவலாகப் பயன்படும் நிரல்மொழிகளில் கிடைக்கிறது. ஒரே வரி. அதை எழுதச் சொல்லுங்கள்.

அளவும் ஏமாற்றும். "மோட்டார்" நமக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் எட்டுக் குறியீடு. அதைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 வடிவில் 24 பைட்டு. ஆங்கிலத்தை மனத்தில் வைத்துப் பெட்டியின் நீளத்தைக் குறித்தவர் வாடிக்கையாளரின் பெயரை நடுவில் வெட்டிவிடுவார். குறுஞ்செய்தியும் அப்படித்தான்: ஆங்கிலத்தில் 160 எழுத்து போகும் இடத்தில் தமிழில் 70 குறியீடுதான். உறுதிச் செய்தியில் முதலில் உருப்படி எண்ணும் தேதியும் வரட்டும், வாழ்த்தெல்லாம் பிறகு.

நடுநிசி (புதன், இரவு 11.50)

காப்புப்பிரதி எடுக்கிறீர்களா என்று கேட்க மறந்துவிட்டேன். "ஹோஸ்டிங் நிறுவனம் எடுக்கிறது" என்று சொல்வீர்கள் என்று நினைக்கிறேன். அதிலிருந்து கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தீர்கள்?

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுக் கோப்புறையை அழித்துவிட்டார். ஐந்து விதமான காப்பு முறைகள் வைத்திருந்தார்கள். ஒன்றுகூட நம்பும்படி வேலை செய்யவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் எடுத்துவைத்த நகல்தான் காப்பாற்றியது. அவர்கள் அதை மறைக்காமல் உலகுக்கே எழுதிக் காட்டினார்கள், அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். மென்பொருளே தொழிலாக வைத்திருப்பவர்களுக்கே அது நடந்தது. மாதம் ஒருமுறை, ஒரு வெற்றுக் கணினியில் மீட்டெடுத்து, நேற்றைய பதிவு அதில் இருக்கிறதா என்று அக்காவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

செவிவழி (வியாழன், காலை 8.25)

நான் பார்வையற்றவன். சிறு கட்டட ஒப்பந்தங்கள் எடுத்துச் செய்கிறேன். திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் வைத்துத்தான் கணினியைப் பயன்படுத்துகிறேன். கருவி வாடகைத் தளங்களின் வாடிக்கையாளர் என்ற முறையில் ஒன்று சொல்ல அனுமதியுங்கள்.

இத்தகைய தளங்களின் நாட்காட்டி எனக்கு எப்படிக் கேட்கிறது தெரியுமா? "பொத்தான். பொத்தான். பொத்தான்." முப்பது முறை. எது எந்தத் தேதி என்று சொல்லாது. கிடைக்கும் நாள் பச்சை, கிடைக்காத நாள் சிவப்பு என்று நிறத்தால் மட்டும் காட்டியிருப்பார்கள். நான் அழுத்திப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். ஒருமுறை 40 நிமிடம் முயன்று, கடைசியில் என் மகளை எழுப்பிக் கேட்டேன். இரவு 11 மணி. மறுநாள் அவளுக்குப் பள்ளி.

தேதியைத் தட்டச்சு செய்ய ஒரு சாதாரணப் பெட்டி போதும். அதற்குப் பெயரிடுங்கள். பிழை வந்தால் எந்தப் பெட்டியில் என்ன பிழை என்று சொற்களில் சொல்லுங்கள். மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி தளம் கட்டச் சொல்லும் இணைய அணுகல்தன்மை வழிகாட்டியின் (WCAG) 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வந்திருக்கிறது; எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாடு போன்ற அளவுகள் எல்லாம் அதில் இருக்கின்றன. வெயிலில் நின்று போனைப் பார்க்கும் உங்கள் ஓட்டுநருக்கும் அதே அளவுதான் உதவும். வேலை முடிந்ததும், சுட்டியைக் கழற்றி வைத்துவிட்டு விசைப்பலகையால் மட்டும் ஒரு முன்பதிவைச் செய்து காட்டச் சொல்லுங்கள். செய்ய முடியவில்லை என்றால் பணம் கொடுக்காதீர்கள்.

ஆலும்பனையும் (வியாழன், காலை 9.00)

செவிவழி ஐயாவின் கடைசி வரியை அப்படியே ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள், கருவிக்கூடம்.

ஒப்பந்தம் என்றதும் இன்னொன்று. நிரல் முதல் நாளிலிருந்தே உங்கள் பெயரிலுள்ள களஞ்சியத்தில் (நிரலையும் அதன் மாற்றங்களையும் சேமிக்கும் இணையக் கணக்கில்) சேர வேண்டும். முடிந்தபின் ஒப்படைக்கிறோம் என்ற பேச்சே வேண்டாம். பல நாடுகளில், எழுத்தில் மாற்றித் தராதவரை வெளியாள் எழுதிய நிரலின் பதிப்புரிமை அவரிடமே இருக்கும். பணம் கொடுத்துவிட்டதால் உங்களுடையதாகிவிடாது. பழைய பக்கங்களின் முகவரி மாறினால் ஒவ்வொன்றிலிருந்தும் புதியதற்கு 301 நிரந்தர வழிமாற்றம் போட வேண்டும் என்பதையும் எழுதுங்கள். ஏழு ஆண்டுகளாகத் தேடுபொறியில் சேர்ந்த மதிப்பு ஒரே இரவில் "பக்கம் இல்லை" என்று சொல்லும் 404 பக்கத்தில் மோதி நிற்கக் கூடாது.

கருவிக்கூடம் (ஒன்பது வாரங்களுக்குப் பிறகு, ஞாயிறு, இரவு 8.15)

உங்கள் எல்லோருக்கும் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

காலாவதிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது டொமைன் நிறுவனத்தின் பெயருக்கு வந்தது. பழைய நிரலர் ஒத்துழைத்தார். அவருடைய அட்டை மாறிவிட்டது அவருக்கே நினைவில்லை. தானாகப் புதுப்பித்தல் எப்படியும் தோற்றிருக்கும். கேட்காமலே தம்முடைய பழைய குறிப்புகளையும் அனுப்பிவைத்தார்.

அறிமுகப் பக்கங்கள் வேர்ட்பிரஸிலேயே இருக்கின்றன. பழைய பிளக்இன்னை எடுத்துவிட்டு பிஎச்பியை ஏற்றிவிட்டோம். முன்பதிவுச் செயலியை இரண்டு நிறுவனங்களில் ஒன்று எழுதியது. எழுதிய பெண் அக்காவின் பக்கத்தில் இரண்டு நாள் என்று வந்து நான்கு நாள் உட்கார்ந்தார். முதல் திரையில் இன்றைய பக்கம் மட்டும்தான், நோட்டைப் போலவே 31 வரி, பென்சில் வரிகள் சாம்பல் எழுத்தில், பக்கத்தில் "காத்திருக்கிறது, பகல் 12 வரை" என்று சொற்களிலும். பென்சிலின் கெடு என்ன என்று தோண்டிப் பார்த்ததில், காலையில் கேட்டவருக்கு நண்பகல் வரை, மாலையில் கேட்டவருக்கு மறுநாள் காலை பத்து வரை என்று வெளிவந்தது. அப்படியே வைத்தோம்.

நேற்று அக்கா விடுப்பு. ஒரே கலவை இயந்திரத்துக்கு நான்கு நிமிட இடைவெளியில் இருவர் கேட்டார்கள். இரண்டாமவருக்கு "இது இப்போது வேறொருவருக்காகக் காத்திருக்கிறது; நண்பகலுக்குப் பின் பாருங்கள், அல்லது இதே வகையில் 118ஆம் எண் இருக்கிறது" என்று போயிருக்கிறது. அவர் 118ஐ எடுத்துக்கொண்டார். அக்கா இன்னும் நோட்டு எழுதுகிறார். நாங்கள் நிறுத்தச் சொல்லவில்லை. அந்தப் பழைய வாடிக்கையாளர் இன்னும் போன் செய்துவிட்டுத்தான் வருகிறார்.

ஒரு கேள்வி மிச்சம். முக்கோணத்துக்கு எல்லாக் கருவிக்கும் ஒரே இரண்டு மணி நேரம் வைத்திருக்கிறோம். கலவை இயந்திரத்துக்கு அது போதவில்லை, சாரத்துக்குத் தேவையே இல்லை. உருப்படி வாரியாக மாற்றினால் ஏற்கெனவே எழுதிய பதிவுகள் என்னவாகும்?

பூட்டுவரிசை (ஞாயிறு, இரவு 9.30)

ஒவ்வொரு பதிவும் எழுதப்பட்டபோது எவ்வளவு சேர்க்கப்பட்டதோ அதை அந்த வரியிலேயே தனி எண்ணாக வைத்திருக்கிறார்களா என்று செயலியை எழுதியவரைக் கேளுங்கள். வைத்திருந்தால் பழையவற்றைத் தொட வேண்டாம். புதிய பதிவுகள் புதிய நேரத்தை எடுத்துக்கொள்ளும். வைத்திருக்காவிட்டால், மாற்றுவதற்கு முன் இனி வரவிருக்கும் கலவை இயந்திரப் பதிவுகளை நீட்டிப் பார்த்து, எவை மோதுகின்றன என்று ஒரு பட்டியல் எடுக்கச் சொல்லுங்கள். தரவுத்தளம் மோதலை ஏற்காது என்பதால் மாற்றம் நடுவில் நின்றுவிடும். அந்தப் பட்டியலை அக்காவிடம் கொடுங்கள். அவர் போன் செய்து நேரத்தை நகர்த்தியபின் மாற்றுங்கள்.